திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு வரை: இருவர் சேர்ந்து ஓட்ட இரண்டு ரோடு பைக்குகள்

என் கணவருக்கு வயது 52, எனக்கு 48. திருவொற்றியூரில் குடியிருக்கும் நாங்கள் ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே சைக்கிளை எடுத்துவிடுவோம். ஒரு வாரம் தெற்கே காசிமேடு, ராயபுரம், ராஜாஜி சாலை வழியாக மெரினா கலங்கரை விளக்கம் வரை போவோம். மறுவாரம் வடக்கே எண்ணூர்ப் பக்கமோ, பொன்னேரி, பஞ்செட்டி செல்லும் டிபிபி சாலையைப் பிடித்து மீஞ்சூர்ப் பக்கமோ போவோம். கடந்த 14 மாதங்களாக அவர் ஓட்டுவது ட்ரைபன் ஆர்சி 500. நான் ஓட்டுவது ஜயன்ட் கன்டென்ட் ஏஆர். இரண்டுமே நீண்ட தூரத்தை நோகாமல் கடப்பதற்கென்று வடிவமைக்கப்பட்ட ரோடு பைக்குகள், பந்தயத்துக்கானவை அல்ல. இவற்றைப் பற்றிய என் மதிப்பீட்டை, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஓட்ட விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தனியாக ஓட்டுகிறவருக்கு நல்ல வண்டி என்பது ஒன்று. இருவர் சேர்ந்து போய், சேர்ந்தே திரும்பி வருவதற்கு நல்ல வண்டிகள் என்பது வேறொன்று என்பதை நாங்கள் பணத்தையும் இரண்டு ஆண்டுகளையும் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

முதல் முறை வாங்கியபோது, பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆர்வம் அவருக்கு அதிகம் என்பதால் அவருக்கு 25 மில்லிமீட்டர் டயர் போட்ட, முதுகை நன்றாக வளைத்து ஓட்டும் பந்தய வகை ரோடு பைக். நான் துணைக்கு வருகிறவள் என்பதால் எனக்கு நேரான ஹேண்டில்பாரும் முன்னால் சஸ்பென்ஷனும் உள்ள கனமான சைக்கிள். கடைக்காரர் எனக்கு எந்த அளவும் எடுக்கவில்லை. "லேடீஸுக்கு இதுதான் சௌகரியம்" என்று சொல்லி, கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த வண்டியின் எடை 15 கிலோவுக்கு மேல். எர்ணாவூர் மேம்பாலத்தில் அவர் ஏறி இறங்கி அந்தப் பக்கம் காத்திருப்பார். நான் வந்து சேரும்போது அவருக்கு உடம்பு ஆறிப்போயிருக்கும், எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். நான் வந்தவுடன் அவர் கிளம்புவார். ஆக, ஓய்வு அவருக்கு மட்டுமே கிடைத்தது. எட்டு மாதம் கழித்து, எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி நான் வருவதை நிறுத்திக்கொண்டேன். முழங்கால் வலித்தது உண்மைதான். ஆனால் வலிக்குக் காரணம் முழங்கால் அல்ல, ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் தாழ்வாக வைக்கப்பட்டிருந்த சீட்.

இதிலிருந்து நாங்கள் எடுத்த முடிவு, கேட்பவர்களுக்கு முதலில் வியப்பாக இருக்கிறது. இருவருக்கும் சேர்த்து ஒதுக்கிய பணத்தில் பெரிய பங்கு, மெதுவாக ஓட்டுகிறவரின் வண்டிக்குப் போகவேண்டும். எடை குறைந்த வண்டி, அகலமான டயர், இலகுவான கியர், சரியான சீட் ஆகிய அனைத்தும் முதலில் அவருக்கு. வேகமாக ஓட்டுகிறவருக்கு உடல்வலு ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு இன்னும் நல்ல வண்டியைக் கொடுத்தால் இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. இதில் கணக்கும் இருக்கிறது. சமதளத்தில் காற்றை எதிர்த்துப் போவதற்குத் தேவைப்படும் ஆற்றல், வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் 24க்கு உயர வேண்டுமென்றால், காற்றுக்காக மட்டும் ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டும். துணையை எட்டிப்பிடிப்பதற்காக அவ்வப்போது விரட்டி ஓட்டுகிறவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் களைத்துப்போகிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

சென்ற ஆண்டு வண்டி தேடத் தொடங்கியபோது கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே அளவெடுத்தோம். சுவரில் முதுகைச் சாய்த்து, செருப்பில்லாமல் நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேல்நோக்கி இறுகப் பிடித்து, அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்ப்பதுதான் உட்கால் அளவு. எனக்கு 74 சென்டிமீட்டர், அவருக்கு 80. இதை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். எனக்கு 65.3, அவருக்கு 70.6. இது தொடக்கப்புள்ளிதான், ஓட்டிப் பார்த்து அரை சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். என்றாலும் கடைக்காரர் கண்மதிப்பாக வைத்துக் கொடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். முதல் வண்டியிலேயே இந்த ஒரு பெருக்கல் கணக்கைச் செய்திருந்தால் நான் எட்டு மாதம் வலியைச் சுமந்திருக்க மாட்டேன்.

ஃப்ரேமைப் பொறுத்தவரை எஸ், எம், எல் என்ற எழுத்துகளை மட்டும் நம்பக் கூடாது. ஒரு நிறுவனத்தின் எஸ் இன்னொரு நிறுவனத்தின் எக்ஸ்எஸ் ஆக இருக்கும். தயாரிப்பாளர்கள் தங்கள் அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்களைத் தருகிறார்கள். பெடல் அச்சின் நடுவிலிருந்து, ஹேண்டில்பார் பொருந்தும் முன்குழாயின் உச்சி வரை உள்ள செங்குத்து உயரம் ஸ்டாக்; அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள கிடைமட்ட தூரம் ரீச். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் வரும் எண் 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதுகு அதிகம் வளையாமல் நிமிர்ந்து ஓட்டும் வகை என்றும், 1.45க்குக் கீழே போகப் போகப் பந்தய வகை என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஸ்பெஷலைஸ்டு ரூபே, ட்ரெக் டொமேன், ஜயன்ட் டிஃபை, எங்கள் இரண்டு வண்டிகள் ஆகிய எல்லாமே முதல் வகையை ஒட்டி வருபவை. பெண்களுக்கென்று தனி ஃப்ரேம் தேவையா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் தேவையில்லை. பெரிய தயாரிப்பாளர்களில் சிலரும் தனி ஃப்ரேமைக் கைவிட்டு, சீட், ஹேண்டில்பார் அகலம், ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டின் நீளம் ஆகியவற்றை மாற்றினால் போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். 157 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணும் பெண்ணும் ஒரே ஃப்ரேமில் அமரலாம். 157 உள்ளவரும் 174 உள்ளவரும் ஒரே ஃப்ரேமில் அமர முடியாது. ஜோடியாக இருக்கட்டும் என்று ஒரே மாடலில், ஒரே அளவில் இரண்டு வாங்கிய தம்பதியை எங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இப்போது ஓட்டுவதில்லை.

மிகச்சிறிய அளவு வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒன்றைச் சோதிக்க வேண்டும். பெடலைக் கிடைமட்டமாக வைத்து, ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் காலணியின் நுனியில் இடிக்கிறதா என்று பாருங்கள். சற்றே உரசினால், வேகமாகப் போகும்போது அது பெரிய சிக்கல் அல்ல. ஆனால் காசிமேடு மீன் சந்தைக்கு வெளியே ஆட்டோக்களுக்கும் மீன்பாடி வண்டிகளுக்கும் நடுவே ஊர்ந்து திரும்பும்போது அது ஆளைக் கீழே தள்ளிவிடும்.

இனி டயர். வடசென்னையில் ஓட்டுகிறவர்களுக்கு வண்டியின் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முதன்மையானது என்று நான் உறுதியாகச் சொல்வேன். எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி சாலைகளிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றின் எடையால் தார் அலையலையாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஓரத்தில் மணலும் சரளையும் சேர்கின்றன. வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற இரும்புக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, மெல்லிய டயரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகின்றன. 25 மில்லிமீட்டர் டயரில் 100 பிஎஸ்ஐ காற்றை அடைத்துக்கொண்டு அந்தச் சாலையில் போனால், ஒவ்வொரு அதிர்வும் நேராக மணிக்கட்டுக்கும் பிடரிக்கும் வரும். அப்படி இறுக்கமாக அடைத்தால் வேகம் கூடும் என்பதும் வழவழப்பான தளத்துக்குத்தான் பொருந்தும். கரடுமுரடான சாலையில் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளுவதிலேயே நம் உழைப்பு வீணாகிறது.

நான் ஓட்டும் கன்டென்ட் ஏஆர் 38 மில்லிமீட்டர் வரை டயரை ஏற்கும் ஃப்ரேம். நான் 32 போட்டிருக்கிறேன். என் எடை 58 கிலோ. முன்னால் 45, பின்னால் 50 பிஎஸ்ஐ வைக்கிறேன். அவருடைய ட்ரைபனில் வரும்போது 28 இருந்தது. அவரும் 32க்கு மாற்றிக்கொண்டார். அவர் எடை 76 கிலோ என்பதால் 60, 65 என்று வைக்கிறார். இருவருக்கும் ஒரே அகலத்தில் டயர் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒரே அளவு டியூபைத் தூக்கிச் சென்றால் போதும். அதோடு, ஒருவருக்குக் கடக்கக்கூடியதாகவும் மற்றவருக்கு அஞ்சத்தக்கதாகவும் சாலை இரண்டுபட்டுத் தெரியாது. இருவருடைய டயரிலும் உள்ளே துளைப்புத் தடுப்புப் பட்டை உள்ள வகையையே போட்டிருக்கிறோம். சற்று எடை கூடும்; பரவாயில்லை. அதிகாலை ஐந்தரை மணிக்கு மணலி சாலையோரத்தில், லாரிகளின் காற்றில் ஆடிக்கொண்டு டியூப் மாற்றுவதற்கு அந்த எடை எவ்வளவோ மேல்.

டியூபின் வால்வையும் பார்த்து வாங்குங்கள். ரோடு பைக்குகளில் பெரும்பாலும் மெல்லிய ப்ரெஸ்டா வால்வு வரும். நம் தெருமுனைப் பங்க்சர் கடையின் கம்ப்ரஸர் முனை அதில் பொருந்தாது. பித்தளையாலான சிறு அடாப்டர் ஒன்று கிடைக்கிறது. அதைச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் இருவரும் ஒவ்வொன்று வைத்திருக்கிறோம்.

அடுத்து சீட். புதிதாக ஓட்டுகிறவர்கள் மெத்தென்ற அகலமான சீட்டையும் அதன்மேல் ஜெல் உறையையும் தேடுகிறார்கள், நானும் தேடினேன். அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அந்த மெத்தை அமுங்கி, அழுத்தம் எலும்பின்மேல் இல்லாமல் நடுவிலுள்ள மென்மையான பகுதிகளின்மேல் விழுகிறது. மரத்துப்போவதற்கும் எரிச்சலுக்கும் இதுவே காரணம். தண்டையார்பேட்டையில் ஐம்பது ஆண்டுகளாகச் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் என் பழைய வண்டியைப் பார்த்துவிட்டு, "சீட்டுல மெத்தை வேணாம்மா, எலும்பு உட்கார எடம் வேணும்" என்றார். அவர் சொன்னதைத்தான் அளவெடுக்கும் முறையும் சொல்கிறது. நெளிவு அட்டை ஒன்றை மரமுக்காலியின்மேல் போட்டு, சற்று முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கூட்டினால் சீட்டின் அகலம் கிடைக்கும். எனக்கு 12 வந்தது; 14.5 சென்டிமீட்டர் அகலமுள்ள, நடுவே நீளவாக்கில் திறப்பு உள்ள, ஓரளவு கெட்டியான சீட்டை வாங்கினேன். சுடிதாருக்குள் மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் அணிகிறேன். மெத்தை சீட்டில் இருப்பதைவிட உடையில் இருப்பதே பயன்படுகிறது, ஏனென்றால் அது உடம்போடு நகர்கிறது. முதல் மூன்று வாரம் புதுச் சீட் வலிக்கத்தான் செய்யும். ஆனால் எலும்பில் வரும் வலி பழகிவிடும். மரத்துப்போதல் பழகுவதில்லை, அது இருந்தால் சீட்டை மாற்றியே ஆகவேண்டும்.

கன்டென்ட் ஏஆரில் சீட்டைத் தாங்கும் தண்டு வட்டமாக இல்லாமல், பின்புறம் தட்டையாக இருக்கிறது. டி-ஃப்யூஸ் என்று பெயர். சாலைக் குழிகளில் அது சற்றே பின்னுக்கு வளைந்து கொடுக்கிறது. ரூபேயில் ஹேண்டில்பாருக்குக் கீழே 20 மில்லிமீட்டர் அமுங்கும் சுருள்வில்லையே வைத்திருக்கிறார்கள். அது எங்கள் வரவுசெலவுக்குள் அடங்கவில்லை. எனக்குக் கிடைத்த சுகத்தில் பெரும்பங்கு 32 மில்லிமீட்டர் டயராலும், சிறுபங்கு இந்தத் தண்டாலும் வந்தது என்பது என் கணிப்பு.

கைகளைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம் அதிகம். பழைய வண்டியில் எனக்கு அரைமணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். உள்ளங்கையின் வெளியோரமாகப் போகும் நரம்பு அழுந்துவதால் அப்படி ஆகிறது. நேரான ஹேண்டில்பாரில் கையை வைக்க ஒரே இடம்தான் உண்டு. கீழ்நோக்கி வளைந்த ரோடு பைக் ஹேண்டில்பார் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கடினம் என்று எண்ணுவது தவறு. மேலே, பிரேக் பிடியின்மேல், கீழ்வளைவில் என்று மூன்று இடங்களில் கையை மாற்றி மாற்றி வைக்கலாம். அகலம் மட்டும் தோள்பட்டை எலும்புகளின் தூரத்துக்கு இணையாக இருக்கவேண்டும். எனக்கு 38, அவருக்கு 42 சென்டிமீட்டர். கடையில் கொடுத்த 90 மில்லிமீட்டர் ஸ்டெம்மை மாற்றி 70 போட்டதும் தோள்வலி போய்விட்டது. சிறிய கை உள்ளவர்கள், பிரேக் லீவரை விரலுக்கு அருகே கொண்டுவரும் சிறு திருகாணி இருக்கிறதா என்று கேளுங்கள்; பெரும்பாலான லீவர்களில் உண்டு, பெரும்பாலான கடைகளில் அதைத் தொடுவதில்லை.

சென்னை சமவெளிதானே, கியர் எதற்கு என்பார்கள். எங்களுக்கு மலை என்றால் அது காற்றுதான். தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழுந்துவிட்டால், எண்ணூருக்குப் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும் அதே காற்று, வீட்டுக்குத் திரும்பும்போது மார்பில் மோதும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றுக்கு இது தலைகீழ். ட்ரைபன் ஆர்சி 500இல் ஷிமானோ சோரா வகை கியர். முன்னால் 50, 34 பற்கள், பின்னால் 11 முதல் 32 பற்கள் வரை ஒன்பது பற்சக்கரங்கள். அவருக்கு அது போதும். நான் என் வண்டியின் பின்பற்களை 11-34 ஆக மாற்றிக்கொண்டேன். முன்னாலும் 34, பின்னாலும் 34 போட்டால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் ஒரே ஒரு சுற்று, அதாவது சுமார் 2.15 மீட்டர் நகரும். மேம்பாலத்திலும் எதிர்காற்றிலும் முழங்காலை அழுத்தாமல் வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க முடிகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரிக்கு ஒருமுறை போகவேண்டும் என்ற ஆசையும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

பிரேக்கைப் பொறுத்தவரை, கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக் போதும் என்பது எங்கள் முடிவு. கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் இன்னும் மென்மையானது. ஆனால் அதில் காற்று புகுந்தால் சரிசெய்ய நகரின் மறுமுனைக்குப் போகவேண்டும். கேபிளை என் கணவரே வீட்டில் இறுக்குகிறார். கடற்காற்றில் உப்பு இருப்பதால் செயினும் கேபிளும் இங்கே விரைவில் துருப்பிடிக்கின்றன. ஒவ்வொரு முறை ஓட்டியபின்னும் செயினைத் துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை எண்ணெய் விடுகிறோம். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் கடலோரத்தில் விலை உயர்ந்த வண்டி வாங்க வேண்டாம்.

இரட்டை இருக்கைச் சைக்கிளான டேண்டத்தையும் யோசித்தோம். இருவருடைய உடல்வலு வேறுபாடு அதில் முற்றிலும் மறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடிக்கு அதை ஏற்ற முடியாது, பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது, ஒருவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் மற்றவரும் வீட்டில் இருக்க வேண்டும்.

வாங்குமுன் வண்டியைக் குறைந்தது அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதுவும் இருவரும் சேர்ந்து. ஒருவர் வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்து இருவருக்கும் முடிவெடுக்கக் கூடாது. ஒரு மேம்பாலம், ஒரு மோசமான சாலை, பேச்சு தடைப்படாமல் பத்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டக்கூடிய ஒரு காலியான தெரு ஆகிய மூன்றும் அந்த அரைமணிக்குள் இருக்கட்டும். பேசிக்கொண்டே ஓட்ட முடியாத வேகம், சேர்ந்து ஓட்டுவதற்கான வேகம் அல்ல. லாரிகள் ஓடும் சாலையில் நாங்கள் ஒருபோதும் பக்கவாட்டில் ஓட்டுவதில்லை. நான் முன்னால், அவர் பின்னால். பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பெரிய வண்டி வந்தால் அவர் குரல் கொடுப்பார். வேகத்தை நான் தீர்மானிக்கிறேன். எதிர்காற்று வந்தால் மட்டும் அவர் முன்னால் வந்து, நான் அவர் பின்சக்கரத்துக்கு ஒரு சைக்கிள் நீளம் விட்டுத் தொடர்கிறேன். காற்றின் பெரும் சுமையை அவர் வாங்கிக்கொள்கிறார்.

கடந்த தை மாதத்தில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனோம். ஒருவழிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேல். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே தேநீர் குடித்துவிட்டு, ஏரிப் பாலத்தின்மேல் வண்டிகளைச் சாய்த்து நிறுத்தினோம். படகுகள் இறால் வலையோடு திரும்பிக்கொண்டிருந்தன. "கை மரத்துப்போச்சா?" என்று அவர் கேட்டார். பழைய வண்டியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்ட கேள்வி அது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தபிறகுதான், அப்படி ஒரு தொல்லை இருந்தது என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது. திரும்பும்போது மீஞ்சூரைத் தாண்டி அவருக்குத்தான் கழுத்து வலித்தது. அடுத்த வாரம் அவருடைய ஹேண்டில்பாருக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் வளையம் வைத்து உயர்த்தினோம். ஐப்பசி மழைக்கு முன் இரண்டு வண்டிகளுக்கும் மட்கார்டு மாட்டவேண்டியது மட்டும் பாக்கி.